ஓவர்சியரின் சிவப்புக் கோடு

"தண்ணி வருதா, இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லு!" என்று குழியின் விளிம்பில் நின்று கத்தினார் ஓவர்சியர் கோதண்டராமன்.

"வருதுங்க ஐயா," என்றான் குழிக்குள் இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்ற சின்னசாமி. "ஆனா குழாவுல வரல. ரோட்டுல வருது."

சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நாலு நாளாகக் குடிதண்ணீர் இல்லாத தெருவில் யாருக்குச் சிரிப்பு வரும்?

ஆம்பூருக்கு இந்தப் பக்கம், பாலாற்றை ஒட்டி இருந்தது மேட்டுக்கொல்லை. சின்ன ஊர்தான். ஆனால் தோல் பதனிடும் ஷாப்புகள் மட்டும் பதினொன்று. அவற்றின் புண்ணியத்தில் ஊர்க் கிணறுகளில் இறைத்தால் வருவது தண்ணீரா கஷாயமா என்று சொல்ல முடியாது. அதனால் பஞ்சாயத்து போர்டார் ஆற்று மணலில் கிணறு வெட்டி, மேட்டில் தொட்டி கட்டி, தரைக்கடியில் குழாய் பதித்து, தெருவுக்கு ஒரு குழாயடி வைத்திருந்தார்கள். அந்தக் குழாய்களைக் கட்டிக் காப்பதுதான் கோதண்டராமனின் உத்தியோகம். ஆறு வருஷமாக அது தற்காலிக உத்தியோகம்.

அவர் முன்கோபக்காரர் என்று ஊரில் பெயர். வேறு யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் பைத்தியமே பிடித்திருக்கும், வெறும் கோபத்தோடு நின்றது அவர் பெருந்தன்மை. விளக்குக் கம்பம் நட வந்தவர்கள் குழாயில் ஒரு ஓட்டை போட்டார்கள். சாக்கடை வெட்ட வந்தவர்கள் இன்னொன்று போட்டார்கள். கல்யாணப் பந்தலுக்குக் கால் ஊன்றியவன், பீறிட்டு வந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு, "நல்ல சகுனம்" என்று சொல்லித் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனான். தோண்டுகிறவர்களில் ஒருவனாவது முன்னால் வந்து, "ஐயா, இங்கே கீழே என்ன இருக்கிறது?" என்று கேட்டது கிடையாது.

அதற்காகத்தான் அவர் படம் போட்டார். குழாய் பதித்த காண்ட்ராக்டரின் ரசீதுகளை வாங்கி வைத்துக்கொண்டு, ஆபீசில் மின்விசிறிகூட இல்லாத அறையில் மூன்று மாதம் வியர்த்து, ஊரின் ஒவ்வொரு தெருவுக்கும் அடியில் எந்தக் குழாய் எப்படிப் போகிறது என்று சிவப்பு மையால் கோடு இழுத்தார். கோட்டின் பக்கத்திலேயே, 'நாலங்குல வார்ப்பிரும்பு' என்று முத்து முத்தாக எழுதினார். இனிமேல் இந்த ஊரில் எவன் தரையைத் தோண்டினாலும் முதலில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் தோண்ட வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவரச் சொல்லிப் பதினேழு மனு எழுதினார்.

பதினேழாவது மனுவுக்குத்தான் பதில் வந்தது. 'உமது படத்தால் ஒரு முறையாவது பயன் உண்டானதென்று ருசுப்படுத்தினால் விதியும் வரும், உமது உத்தியோகமும் நிரந்தரமாகும். தவறினால் இம்மாதக் கடைசியோடு அந்த உத்தியோகமே எடுக்கப்படும். வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு நேரில் வருகிறேன்' என்று வேலூரிலிருந்து பெரிய இன்ஜினியர் எழுதியிருந்தார்.

இன்றைக்குத்தான் வியாழக்கிழமை.

ருசுவுக்குப் பஞ்சமில்லை என்றுதான் கோதண்டராமன் நினைத்தார். மின்சாரக் கம்பெனிக்காரர்கள் அதே தெருவில் கேபிள் பதித்துக்கொண்டிருந்தார்கள். தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றி வரும் வண்டிகள் மாடி உயரத்துக்குப் பாரம் வைத்து வருவதால், தலைக்கு மேலே கம்பி இழுத்தால் அறுந்துவிடும். ஆகவே ஷபீ அஹமது சாஹிபின் தோல் ஷாப்புக்குப் போகிற கரண்ட் மட்டும் ரோட்டுக்கு அடியில் போயிற்று. கம்பெனி மேஸ்திரி மூர்த்தி படத்தைப் பார்க்க வரவில்லை. கேட்கவும் இல்லை. ஆட்களைக் கூட்டி வந்தான், தோண்டினான். மறுநாளே குழாய் ஒழுக ஆரம்பித்தது. இதற்கு மேல் என்ன ருசு வேண்டும்?

"என் கேபிள் இங்க இருக்குது, உங்க குழாய் அங்க இருக்குது. நடுவுல ரெண்டு கஜம்," என்றான் மூர்த்தி. "என் ஆளுங்க கடப்பாறை இன்னா வளைஞ்சு போயா குத்தும்?"

"குழாய்க்கு மேலேயே மண்ணைப் பறிச்சிருக்கு, பாருய்யா! ஒரு எடத்துல இல்ல, ஆறு எடத்துல. நான் காபி சாப்பிடப் போற நேரம் பார்த்து நோண்டியிருக்கீங்க!"

"எனக்கு வேற வேலை இல்லியா சார்?"

"அப்புறம் இந்த நாய்ங்க எதுக்கு இங்கேயே சுத்துது? உன் ஆளுங்க தின்னுட்டு எலும்பு போட்டுப் பழக்கி வெச்சிருக்காங்க!"

நாலைந்து நாய்கள் உண்மையிலேயே குழியைச் சுற்றி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு படுத்திருந்தன. ஓவர்சியர் குடையை ஓங்கியதும் எழுந்து, பத்தடி தள்ளிப்போய், மறுபடியும் படுத்துக்கொண்டன.

எதிர்வீட்டு வாசலில் தொங்கிய சாக்குத் திரைக்குப் பின்னாலிருந்து அக்தரி பேகத்தின் குரல் வந்தது. முகம் தெரியாது. குரல் மட்டும் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"ஓவர்சியர் சாப்! நாலு நாளா பேஜாரு. சின்னது ரெண்டும் கெணத்துத் தண்ணியக் குடிச்சுட்டு வாந்தி எடுக்குது. யாரு குத்தினாங்கன்னு அப்றம் சண்டை போடுங்க. மொதல்ல தண்ணி வுடுங்க!"

கோதண்டராமனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மூர்த்தியிடம் கத்தலாம், நாயிடம் கத்தலாம். குழந்தை வாந்தி எடுக்கிறது என்று சொல்பவளிடம் எப்படிக் கத்துவது? அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

"இன்னிக்குள்ள தண்ணி வரும்மா. என்னை நம்புங்க," என்றார். பிறகு அந்த வெட்கம் முழுவதையும் கோபமாக மாற்றிக் குழிக்குள் கொட்டினார். "இன்னாடா வேடிக்கை பாக்கறே? கிளாம்பைப் போடு!"

"ஐயா, அந்தக் குழா வந்துங்க…" என்று ஆரம்பித்தான் சின்னசாமி.

"குழாயைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? படம் போட்டவன் நானு! குழிக்குள்ள நிக்கறவன் கைதான் வேலை செய்யணும், வாய் இல்ல."

சின்னசாமி வாயை மூடிக்கொண்டான். செம்மண் கலங்கிய தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவி, இரும்புக் கிளாம்பை மாட்டி, ஸ்பேனரால் திருகினான். மேலே நின்றவர்களுக்கு அவன் தோளுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. திருகினான், திருகினான், திருகிக்கொண்டே இருந்தான்.

"ஐயா, முறுக்க முறுக்க உள்ள போய்க்கினே இருக்குதுங்க."

"போகட்டும். நல்லா இறுக்கு!"

"மரை தீந்துபோச்சுங்க."

"அப்பவும் இறுக்கு!"

ஒழுக்கு நின்றது. கோதண்டராமன் வெற்றியோடு மூர்த்தியைப் பார்த்தார். கூடவே அதுவரை சொட்டுச் சொட்டாகவாவது வந்துகொண்டிருந்த குழாயடியும் நின்றது. அதற்கு அடுத்த தெருக் குழாயும் நின்றது. அதற்கும் அடுத்தது நின்று, கால் மணி நேரத்தில் மூன்று தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு வந்து குழியைச் சுற்றி நின்றார்கள்.

"சொட்டினதையும் நிறுத்திட்டீங்களே!" என்றது சாக்குத் திரை.

"சார், ஒரு நிமிஷம் நான் எறங்கிப் பாக்கறேன். எனக்கும் கொஞ்சம் குழாய் வேலை தெரியும்," என்று மூர்த்தி முன்னால் வந்தான்.

"குத்தினவனே வந்து காயத்தைப் பாக்கறானா? தடயத்தை அழிக்கலாம்னு பாக்கறியா?" கோதண்டராமன் ஆபீசிலிருந்து கயிறு கொண்டுவரச் செய்து, குழியைச் சுற்றி நாலு முளை அடித்துக் கட்டினார். "இன்ஜினியர் வர்ற வரைக்கும் சின்னசாமியைத் தவிர ஒருத்தன் இந்தக் கயித்தைத் தாண்டக் கூடாது. நான் உட்பட!"

கடைசி இரண்டு வார்த்தைகளை அவர் பெருமைக்காகச் சொன்னார். ஆனாலும் அவர் சொன்ன சொல் தவறாதவர். அதற்குப் பிறகு குழியை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"கிளாம்பைக் கழட்டு. தண்ணியை வாரி இறைச்சுட்டு ஈயம் காய்ச்சி ஊத்து," என்று, ஆளனுப்பித் தெருமுனை வால்வை மூட வைத்துவிட்டு, கயிற்றுக்கு வெளியிலிருந்து உத்தரவு போட்டார்.

சின்னசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஈயம் வாணாங்க ஐயா! சொன்னாக் கேளுங்க. ரெண்டு மொழம் மெழுகு நூலு குடுங்க, அரை மணியில நானே…"

"நூல் சுத்தி அடைக்கற காலமெல்லாம் மலையேறிப் போச்சு! வார்ப்பிரும்புக்கு ஈயம்தான் வைத்தியம். எங்க படிச்ச நீ? நான் சென்னையில படிச்சவன். ஊத்து!"

ஊற்றினான். குழியிலிருந்து மஞ்சள் புகை எழும்பியது. மயிர் கருகுவது போல ஒரு நாற்றம் தெருவையே தூக்கியது. வேறு ஊராக இருந்தால் பத்துப் பேராவது மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன கருகுகிறது என்று கேட்டிருப்பார்கள். மேட்டுக்கொல்லையில் பிறந்த குழந்தைக்கு முதல் மூச்சே பச்சைத் தோலும் சுண்ணாம்பும்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஈயத்துல கலப்படம்," என்றார் கோதண்டராமன். "எல்லாரும் திருடன்."

கட்டைவிரல் அளவு இருந்த ஓட்டை இப்போது தேங்காய் அளவு ஆகிவிட்டது என்று சின்னசாமி கீழேயிருந்து கையால் காட்டினான். வாயால் சொல்லவில்லை, வாய்க்குத்தான் வேலை இல்லையே. அதைப் பார்த்ததும் ஓவர்சியருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. தானாக விரிகிற ஓட்டையா இது? ரம்பம் போட்டு அறுத்திருக்கிறார்கள்! நேராகத் தந்தி ஆபீசுக்குப் போய், 'இரும்புக் குழாயைக் கம்பெனியார் ரம்பத்தால் அறுத்திருப்பதை நானே குழியில் இறங்கிப் பரிசோதித்தேன்' என்று இன்ஜினியருக்கு ஒரு தந்தி கொடுத்துவிட்டு வந்தார். குழியில் இறங்கவில்லைதான். ஆனால் படம் போட்டவன் இறங்கித்தான் பார்க்க வேண்டுமா என்ன?

மணி மூன்று ஆயிற்று. அக்தரி பேகத்துக்குக் கொடுத்த வாக்கு அவரை அரித்தது. ஒருவேளை குழாய்க்குள் சேறு போய் அடைத்திருக்கும், ஒரே ஒரு தடவை வால்வை முழுசாகத் திறந்து விட்டால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும் என்று தோன்றியது. தெருமுனை வால்வுக்குச் சாவியைக் கொடுத்து ஆளனுப்பினார்.

சின்னசாமி சத்தம் போடாமல் குழியிலிருந்து ஏறி, ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் ஒரு வேப்ப மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

"ஏன்டா அங்க போனே?"

"சும்மாத்தாங்க."

வால்வு திறந்தது. முதலில் தரைக்கு அடியில் பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் தண்ணீர் பனைமர உயரம் எழும்பிற்று. ஓவர்சியரின் குடை தலைகீழாகத் திரும்பியது. வெள்ளைக் கால்சட்டை செம்மண் நிறமாகியது. பெண்கள் குடங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். தண்ணீர் ஒரே பாய்ச்சலாக மூர்த்தியின் கேபிள் பள்ளத்துக்குள் இறங்கி, மூடாமல் வைத்திருந்த இணைப்பில் புகுந்து, எங்கேயோ 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது.

தோல் ஷாப்பிலிருந்து ஷபீ அஹமது சாஹிப் செருப்பில்லாமல் ஓடி வந்தார். "யார்யா அது கரண்ட கட் பண்ணது? தண்ணி மோட்டார் நின்னுபோச்சு! சுண்ணாம்புக் குழியில இருந்து எடுத்த தோலு முந்நூறு கழுவாம கெடக்குது. இன்னும் ஒரு மணி போனா எல்லாம் வெந்துபூடும்!"

"இவருதான் சாஹிப்!" என்று கத்தினான் மூர்த்தி. அதுவரை அடக்கி வைத்திருந்த கோபம் அவனுக்கு இப்போது பொத்துக்கொண்டு வந்தது. "நாலு நாளா நான் குழாய உடைச்சேன்னு ஊரெல்லாம் சொன்னாரு. இப்ப என் கேபிள அவரே உடைச்சுட்டாரு. எனக்கு மூணு புள்ளைங்க சார்! கம்பெனியில என்னைத் தூக்கிட்டா நீங்களா சோறு போடுவீங்க?"

"குழாயை நீ அறுக்காம இருந்தா நான் எதுக்கு வால்வைத் திறக்கப் போறேன்?" என்று கோதண்டராமனும் கத்தினார். அவர் மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சாஹிப் ஒரு பக்கம் கத்தினார், திரைக்குப் பின்னாலிருந்து அக்தரி பேகம் ஒரு பக்கம் கத்தினாள், நாய்கள் எல்லோருக்கும் சேர்த்துக் குரைத்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு மோட்டார் கார் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

இன்ஜினியர் இறங்கினார். கையில் தந்தி இருந்தது. ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தாதவர். அவர் பேச ஆரம்பித்ததும் தெரு தானாக அடங்கிற்று.

"யார் கோதண்டராமன்?"

"நான்தான் சார்." அவர் நனைந்த சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, ஈரம் படாமல் அக்குளில் காப்பாற்றி வைத்திருந்த படத்தை விரித்தார். "இதோ சார், இந்தச் சிவப்புக் கோடு. நாலங்குல வார்ப்பிரும்பு. இதோ கம்பெனியார் தோண்டின இடம். என் படத்தைப் பார்த்திருந்தால் இந்த அக்கிரமம் நடந்திருக்குமா?"

"தொடவே இல்ல சார் நானு," என்றான் மூர்த்தி. இப்போது அவனிடம் கோபம் இல்லை. அழுதுவிடுவான் போலிருந்தது.

இன்ஜினியர் படத்தைக் கவனமாகப் பார்த்தார். "அழகான வேலை," என்றார். ஆறு வருஷத்தில் கோதண்டராமனின் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை அது. அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது. "குழாயை நீரே இறங்கிப் பார்த்தீரா?"

"பார்த்தேன் சார்."

"இரும்புதானே? ரம்பம் போட்ட அடையாளம் இருக்கிறதா?"

"சத்தியமா சார்."

"சரி. நீர் சொல்வது நிஜமானால் கம்பெனியிடம் எழுதி இந்த மூர்த்தியை இன்றைக்கே விலக்கச் சொல்கிறேன். உமது விதியை நாளைக்கே போர்டில் வைக்கிறேன், நீர் அன்றைக்கே நிரந்தரம். கம்பெனிக்காரர்கள் லேசில் விட மாட்டார்கள், வக்கீல் வைப்பார்கள். வாய் வார்த்தை போதாது. அறுபட்ட குழாயை என் கண்ணால் பார்க்க வேண்டும்."

"இப்பவே சார்! வெளியே எடுத்தே காட்டுகிறேன்!"

வால்வை மூடினார்கள். பத்துப் பேர் கை மாற்றி மாற்றிக் குழித் தண்ணீரை இறைத்தார்கள். சாக்குத் திரை விரல் அகலம் விலகியது. சாஹிப் முந்நூறு தோலையும் மறந்து குழிப்பக்கம் நகர்ந்தார். கோதண்டராமன் தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்தார். சின்னசாமி வேப்ப மரத்தடியிலிருந்து எழுந்து வந்து உள்ளே இறங்கினான்.

"சின்னசாமி!" ஓவர்சியரின் குரல் மூன்று தெருவுக்குக் கேட்டது. அதில் இப்போது கோபமே இல்லை, ஆறு வருஷத்துச் சந்தோஷம் இருந்தது. "அந்த இரும்புக் குழாயை மேல தூக்கிக் காட்டு, ஐயா பாக்கட்டும்! எட்டடி இரும்புடா, தனியாத் தூக்கிடாதே, இடுப்பு புடிச்சுக்கும். நாலு பேரைக் கூப்பிட்டுக்கோ! இன்னிக்கு நீயும் வாயைத் திறந்து பேசலாம், போ!"

குழிக்குள்ளிருந்து சின்னசாமியின் குரல் வந்தது.

"நாலு பேரு எதுக்குங்க ஐயா? இது காண்ட்ராக்டரு இரும்பு பத்தாம தைச்சுப் போட்ட எருமத்தோலு தானுங்களே. அப்டியே நீட்டாக் கொண்டாரட்டுங்களா, சுருட்டிக் கக்கத்துல இடுக்கிக்கினு வரட்டுங்களா?"